கதை சொல்லும் இண்டி கேம்கள்: கொடுக்கும் காசுக்குத் தகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதைக்காக இண்டி கேம் விளையாடுகிறவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்து, எனக்குத் தெரிந்த அளவில் நேரடியாகப் பதில் எழுதியிருக்கிறேன். எந்தக் கேமின் முடிவையும் இங்கே சொல்லவில்லை. நடுவில் வரும் சில காட்சிகளைச் சொல்லாமல் விளக்க முடியாது என்பதால் அவற்றை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இண்டி கேம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பெரிய நிறுவனத்தின் பணமும் உத்தரவும் இல்லாமல் சின்னக் குழுவோ தனி ஆளோ செய்வது. 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமை லூகாஸ் போப் தனியாகவே செய்தார், 'ஸ்டார்டியூ வேலி'யை எரிக் பரோன் நாலு வருடத்துக்கும் மேல் தனியாக உட்கார்ந்து செய்தார். ஆனால் எல்லைக்கோடு எங்கே என்று யாராலும் சுத்தமாகச் சொல்ல முடியாது. 'ஜர்னி' சோனியின் பணத்தில் வந்தது, அதையும் பலர் இந்தப் பட்டியலில்தான் வைக்கிறார்கள். இந்த விவாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை, அடுத்த கேள்விக்குப் போவோம்.

இரண்டு மணி நேரத்தில் முடிகிற கேமுக்கு ஏன் 15, 20 டாலர்?

இது பழைய சண்டை. 2008-ல் 'ப்ரெய்ட்' 15 டாலருக்கு வந்தபோது, டவுன்லோட் செய்கிற கேமுக்கு இவ்வளவா என்று கோபப்பட்டார்கள். 2013-ல் 'கான் ஹோம்' 20 டாலருக்கு வந்தபோது அதே கோபம் இன்னும் பெரிதாக வந்தது, ஏனென்றால் அதில் சண்டை இல்லை, சாவு இல்லை, காலியான ஒரு வீட்டுக்குள் நடந்து குடும்பத்தின் கடிதங்களையும் பொருள்களையும் பார்ப்பதுதான் முழுக் கேமும்.

எனக்குப் புரிந்த காரணம் இது. நாற்பது மணி நேரம் ஓடும் கேமில் சண்டை முறை ஒன்றை உருவாக்கிவிட்டால் அதை முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை ஓட்டலாம். எதிரியின் நிறத்தை மாற்றலாம், அவனுடைய பலத்தைக் கூட்டலாம், குகையைக் காடாக்கலாம், அடிப்படை வேலை ஒருமுறைதான். சின்னக் கதை கேமில் இந்த வசதி கிடையாது. 2017-ல் வந்த 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்' இதற்கு நல்ல உதாரணம். ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்பதை அந்த வீட்டின் அறை அறையாகப் போய்த் தெரிந்துகொள்கிறோம், ஒவ்வொருவர் கதைக்கும் வேறு வேறு விளையாட்டு முறை. ஒன்றில் ஊஞ்சல் ஆடுகிறோம், ஒன்றில் பட்டம் விடுகிறோம், ஒன்று காமிக்ஸ் பக்கங்களுக்குள் நடக்கிறது, ஒன்றில் பூனையாக மாறி மரக்கிளையில் பறவையைத் துரத்துகிறோம். இவை ஒவ்வொன்றையும் யாரோ யோசித்து, புரோகிராம் எழுதி, கையில் பிடித்தால் சரியாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்பச் சோதித்து முடித்திருக்கிறார்கள், நாம் சில நிமிடம் விளையாடிவிட்டு நகர்ந்துவிடுகிறோம், அது மறுபடி வருவதே இல்லை. இந்தக் கேம் சுமார் இரண்டு மணி நேரம். 2018-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு கொடுக்கும் சிறந்த கேம் விருதை வாங்கியது.

அதனால் விலையை மணிநேரத்தோடு பொருத்தினால் கணக்கு உதைக்கும். செய்த வேலையோடு பொருத்திப் பாருங்கள், சின்னக் கேமில்தான் ஒரு நிமிடத்துக்குள் அதிக வேலை அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

அப்படியென்றால் மணிக்கணக்கு போட்டுப் பார்ப்பது தப்பா?

தப்பென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாதத்துக்கு ஒரு கேம் வாங்கத்தான் பணம் இருக்கிறது, அதை வைத்து மாதம் முழுக்க ஓட்ட வேண்டும் என்கிற நிலைமை உள்ளவருக்கு மணிக்கணக்கு நியாயமான அளவுகோல்தான். அவர் தாராளமாக 'ஸ்டார்டியூ வேலி' வாங்கலாம். 15 டாலர் கேம் அது, வெளிவந்த 2016-லிருந்து பெரிய பெரிய அப்டேட்கள் இலவசமாகவே வந்துகொண்டிருக்கின்றன, அதில் ஊர்க்காரர்களின் கதைகளும் மனதைத் தொடும்.

எனக்குப் பிரச்சினை, பணம் இருக்கிறவர்களும் இந்த ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாக் கேமையும் அளப்பதுதான். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் கேம் விற்கும் ஆன்லைன் ஸ்டோர் எண்ணிக் காட்டுகிறது, அதனால் அது பெரிய விஷயம் போலத் தெரிகிறது. ஒரு காட்சி முடிந்தபின் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தை எந்த ஸ்டோரும் எண்ணுவதில்லை.

மணிக்கணக்கு கேட்பவர்கள் அதிகமானால் என்ன நடக்கும் என்றும் பாருங்கள். டெவலப்பர்கள் பயந்துபோய்க் கேமை இழுப்பார்கள். ஒரே பாதையில் மூன்று முறை நடக்க வைப்பார்கள், நூறு இறகு பொறுக்க வைப்பார்கள், நாலு மணி நேரத்தில் நெஞ்சில் தைத்திருக்க வேண்டிய கதை பத்து மணி நேரத்தில் கரைந்துபோகும். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய 'வெண்பா' (2023) ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், 15 டாலர். அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டில் விட்டுப்போன படிகளை நாமே யோசித்து நிரப்ப வேண்டும், அதற்கு நடுவே வருடங்கள் ஓடி மகன் வளர்ந்து விலகிப் போகிறான். இந்தக் கேமை ஐந்து மணி நேரத்துக்கு நீட்டியிருந்தால் சமையல் வெறும் வேலையாகியிருக்கும், மகன் விலகுவது நமக்கு உறைத்திருக்காது. 2024-ல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் மிகப்பெரிய பரிசு இதற்குத்தான் கிடைத்தது, நீளத்தைப் பார்த்துக் கொடுத்த பரிசு இல்லை.

படத்திலும் புத்தகத்திலும் கிடைக்காத எந்த உணர்ச்சி கேமில் கிடைக்கிறது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

படத்தில் ஒருவர் தப்பு செய்தால் அவரைப் பார்த்துப் பரிதாபப்படுவோம், கோபப்படுவோம். கேமில் அந்தத் தப்பை நாமே செய்கிறோம். குற்ற உணர்வு, பொறுப்பு, தயக்கம் இவையெல்லாம் பார்ப்பவருக்கு வராது, செய்கிறவருக்குத்தான் வரும்.

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனையான ஒரு சர்வாதிகார நாட்டின் எல்லையில் பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி நீங்கள். ஒரு ஆளைச் சரியாகச் சோதித்து முடித்தால் 5 கிரெடிட், அதை வைத்து வாடகை, குடும்பத்துக்குச் சாப்பாடு, குளிருக்கு ஹீட்டிங், நோய் வந்தால் மருந்து. ஆரம்பத்திலேயே ஒருவர் வருகிறார், அவருடைய காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது, பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் தயவு செய்யுங்கள் என்கிறார். மனைவியிடம் ஒரு காகிதம் இல்லை. விடுவதா வேண்டாமா? இங்கேதான் லூகாஸ் போப் ஒரு காரியம் செய்திருக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு தப்பு வரை வெறும் எச்சரிக்கைச் சீட்டு, மூன்றாவதிலிருந்துதான் சம்பளத்தில் பிடித்தம். அதாவது ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு இரக்கம் காட்டினால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. சில நாள் போனதும் உங்களுக்கே தெரியாமல் இரக்கத்தை எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள், இன்றைக்கு இரண்டும் தீர்ந்துவிட்டது, அடுத்து வரும் கிழவியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்று. நல்ல மனிதர்கள் மோசமான அமைப்புக்குள் எப்படிப் பொருந்திப் போகிறார்கள் என்பதைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன், என் விரலுக்கே அது நடந்தது இந்தக் கேமில்தான்.

'ஃப்ளோரன்ஸ்' (2018) நேர்மாறான மென்மை. ஒரு பெண்ணின் முதல் காதல், போனில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இருவரும் முதல்முறை சந்தித்துப் பேசும்போது பேச்சுக் குமிழியைப் பல துண்டுகளாகச் சேர்த்து முடிக்க வேண்டும், பேச்சு தடுமாறுகிறது என்பது உங்கள் விரலில் தெரியும். நெருக்கம் கூடக் கூடத் துண்டுகள் குறைந்துகொண்டே வருகின்றன, கடைசியில் ஒரே துண்டு, எடுத்து வைத்தால் போதும். பின்னால் சண்டை வரும்போது துண்டுகள் கூராகிவிடுகின்றன. ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் ஒரு உறவின் வளர்ச்சி முழுக்க நம் கையில் நடந்துவிடுகிறது.

'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' (2013) கன்ட்ரோலரின் இடது பாதியை அண்ணனுக்கும் வலது பாதியைத் தம்பிக்கும் கொடுத்துவிடுகிறது. முதலில் கை குழம்பும், போகப் போக இரண்டு கையும் இரண்டு பேராகவே ஆகிவிடும். கடைசிப் பகுதியில் அந்தக் கைப்பழக்கத்தை வைத்தே ஒன்று செய்கிறது கேம். அதை இங்கே எழுத மாட்டேன், எழுதினாலும் புரியாது, கையில் பிடித்திருந்தால்தான் புரியும்.

'பிஃபோர் யுவர் ஐஸ்' (2021) வெப்கேம் வழியாக உங்கள் கண் இமைப்பதைக் கவனிக்கிறது. இமைத்தால் காலம் முன்னால் ஓடிவிடும், சில மாதமோ சில வருடமோ. அம்மா ஏதோ முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கண் எரிகிறது, இமைக்காமல் பிடித்துப் பிடித்து வைத்திருக்கிறோம், முடியவில்லை, அந்த நாள் போய்விட்டது. சில கணங்களைப் பிடித்து வைக்க முடியாது என்று எழுதினால் சாதாரண வரி. கண்ணீர் வழிய அதை முயன்று தோற்பது வேறு.

எல்லாம் யூடியூபில் முழுசாகக் கிடைக்கிறதே, பார்த்தால் போதாதா?

மேலே சொன்னதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மற்றவர் இமைப்பதைப் பார்த்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது?

மீதிப் பாதி பணம் பற்றியது. 'தட் டிராகன், கேன்சர்' என்று ஒரு கேம் 2016-ல் வந்தது. ரயான் கிரீன், ஏமி கிரீன் தம்பதி புற்றுநோயோடு போராடிய தங்கள் சின்னப் பையன் ஜோயலைப் பற்றிச் செய்தது, பையன் உயிரோடு இருக்கும்போதே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள், அவன் 2014-ல் இறந்துபோனான். கேம் வெளியான சில மாதத்தில் அந்தக் குழு வெளிப்படையாக எழுதியது: விற்பனையிலிருந்து தங்கள் கைக்கு இன்னும் எதுவும் வரவில்லை, கேமை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை அப்படியே காட்டும் வீடியோக்களைப் பல லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள், அது ஒரு காரணம் என்று நினைக்கிறோம். வீடியோ போடாதீர்கள் என்று அவர்கள் சொல்லவில்லை, உங்கள் பார்வையாளர்களிடம் எங்கள் கேமை வாங்கச் சொல்லுங்கள், உங்கள் சொந்தப் பேச்சோடு போடுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

கதை நேர்கோட்டில் போகும் கேம்களுக்குத்தான் இந்த அடி பலமாக விழுகிறது. சண்டை கேம் வீடியோவைப் பார்த்தால் நாமும் ஆடிப் பார்க்கலாம் என்று தோன்றும், கதை கேம் வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டால் ஆர்வமே தீர்ந்துவிடும். என் யோசனை, முதல் பதினைந்து நிமிடம் பாருங்கள், பேச்சு பிடித்திருக்கிறதா, படம் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும், நிறுத்திவிட்டு முடிவெடுங்கள். வாங்கவே முடியாத நிலைமை என்றால் முழு வீடியோவைப் பாருங்கள், அதில் ஒரு பாவமும் இல்லை, பின்னால் கையில் காசு வரும்போது அந்தக் குழுவின் அடுத்த கேமை வாங்கிவிடுங்கள்.

அழ வைத்தால் நல்ல கதை என்று சொல்லிவிடலாமா?

முடியாது. பியானோ, மழை, சாகப்போகிற குழந்தை இந்த மூன்றையும் வைத்து யாரையும் அழ வைக்கலாம். அழுகை வந்தது என்பதை மட்டும் வைத்து ரிவ்யூவில் பத்துக்குப் பத்து போடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நான் கவனிப்பது, அந்த ஆள் சாகாமலே இருந்திருந்தால் அவரைப் பற்றி எனக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதை. 'ஸ்பிரிட்ஃபேரர்' (2020) கேமில் இறந்தவர்களை அடுத்த உலகத்துக்கு ஏற்றிப் போகும் படகோட்டி நாம். ஒவ்வொரு பயணிக்கும் பிடித்த சாப்பாடு, பிடிக்காத சாப்பாடு, எரிச்சல், பொய், பழைய கதை எல்லாம் உண்டு, அவர்களைக் கட்டிப்பிடிக்க ஒரு பட்டன் உண்டு, சிலர் கட்டிப்பிடிக்க விடமாட்டார்கள். பல மணி நேரம் அவர்களுக்குச் சமைத்து, வீடு கட்டிக் கொடுத்து, முணுமுணுப்பைக் கேட்ட பிறகுதான் பிரிவு வருகிறது. அங்கே வரும் கண்ணீர் அவர்கள் சம்பாதித்தது.

சோகம்தான் உணர்ச்சி என்பதும் இல்லை. 'எ ஷார்ட் ஹைக்' (2019) ஒரு பறவைப் பெண் மலை ஏறுகிற சின்னக் கேம், இரண்டு மணி நேரத்துக்குள் முடியும், வழியெல்லாம் அன்பான மனிதர்கள் போன்ற மிருகங்கள், விளையாடி முடித்தபின் உடம்பே லேசாகிவிடும். எனக்கு அதுவும் அதே எடைதான்.

இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்டீமில் ரீஃபண்ட் வாங்கலாமே, கேமை முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கினால் என்ன?

வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம், காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும், 2015-லிருந்து இருக்கிற விதி. உங்கள் கம்ப்யூட்டரில் ஓடவில்லை, தலை சுற்றுகிறது, பத்து நிமிடத்திலேயே பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் பயன்படுத்துங்கள், அதற்காகத்தான் அந்த விதி.

முடித்துவிட்டு, பிடித்தும்விட்டு, பிறகு பணத்தைத் திரும்பக் கேட்பதை நான் திருட்டுக்குப் பக்கத்தில்தான் வைப்பேன். 'சம்மர் ஆஃப் 58' என்ற சின்ன ஹாரர் கேமைச் செய்த எமிகா கேம்ஸ் 2021-ல் இதைச் சொல்லியே கேம் செய்வதை விட்டு விலகுவதாக அறிவித்தது. நல்ல ரிவ்யூக்கள் வந்தன, ஆனால் கேம் இரண்டு மணியைத் தொடாததால் முடித்தவர்களே ஏராளமாக ரீஃபண்ட் வாங்கினார்கள், அடுத்த கேமுக்குப் பணம் நிற்கவில்லை என்றார்கள். விதி பொதுவானது, அதனால் மூன்று மணி நேரக் கேம் தப்பிக்கிறது, ஒன்றேமுக்கால் மணி நேரக் கேம் மாட்டிக்கொள்கிறது. இந்த ஒரு விஷயத்தில் ஸ்டீம் சின்னக் கேம்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

நான் கொடுக்கிற பணத்தில் டெவலப்பருக்கு எவ்வளவு போகும்?

ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். ஒரு கேம் 1 கோடி டாலர் விற்பனையைத் தாண்டினால் அது 25 ஆகவும், 5 கோடியைத் தாண்டினால் 20 ஆகவும் குறையும், அதாவது சலுகை ஏற்கெனவே பெரிய அளவில் விற்றவர்களுக்கு. ஸ்டீமுக்குப் போட்டியான எபிக் ஸ்டோர் 12 சதவீதம் என்று ஆரம்பித்தது. இண்டி கேம்களை விற்கும் இட்ச்.ஐஓ தளத்தில் தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை விற்கிறவரே முடிவு செய்யலாம், அதனால் அங்கே கிடைத்தால் நான் அங்கே வாங்குவேன். மீதமிருப்பதிலும் பதிப்பாளர் இருந்தால் அவர் பங்கு, பிறகு வரி. தனி ஆள் நாலு வருடம் வேலை செய்து கேமை விற்கிறார் என்றால் கைக்கு வருவதை நாலு வருடத்துக்கும் பிரித்துப் பாருங்கள்.

சேலுக்குக் காத்திருக்கலாமா?

தாராளமாக. வருடத்துக்கு நாலு பெரிய சேல் ஸ்டீமில் வரும், பழைய இண்டி கேம்கள் பாதிக்கும் கீழே இறங்கும். பிறகு வாங்க நினைக்கும் கேம்களின் பட்டியலான விஷ்லிஸ்டில் போட்டு வையுங்கள், விலை குறைந்ததும் மெயில் வரும், விஷ்லிஸ்ட் எண்ணிக்கை வெளியாவதற்கு முன் டெவலப்பருக்கும் பெரிய தைரியம். மனதுக்கு நெருக்கமான குழு என்றால் மட்டும் முதல் வாரத்திலேயே முழு விலைக்கு வாங்கிவிடுங்கள், அவர்கள் அடுத்த கேம் செய்வார்களா என்பது பெரும்பாலும் அந்த முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

இலவசமாகவே ருசி பார்க்க, வெளிவரப்போகும் கேம்களைக் காட்டும் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் சமயத்தில் நூற்றுக்கணக்கான டெமோக்கள் வரும். இட்ச்.ஐஓ-வில் 2020 ஜூனில் இன நீதிக்காக ஒரு தொகுப்பு விற்றார்கள், குறைந்தபட்சம் 5 டாலருக்கு 1,700-க்கும் மேற்பட்ட பொருள்கள், 81 லட்சம் டாலர் திரட்டி நன்கொடையாகக் கொடுத்தார்கள். அந்த மாதிரித் தொகுப்பு மறுபடி வந்தால் விடாதீர்கள், 'எ ஷார்ட் ஹைக்' கூட அதில் இருந்தது.

சந்தாத் திட்டத்தில் கேம் இருந்தால் அப்படியும் விளையாடலாம். ஒரே குறை, நிறையக் கேம்கள் வரிசையில் நிற்கும்போது மனம் ஒன்றில் நிலைக்காது, இருபது நிமிடத்தில் அடுத்ததுக்குத் தாவிவிடும். கதை கேமுக்கு அது ஆகாது.

எனக்கு இங்கிலீஷ் வேகமாகப் படிக்க வராது. எதை விளையாடலாம்?

நிறைய இருக்கிறது. 'கிரிஸ்' (2018) முழுக்க வார்த்தையே இல்லாமல் துக்கத்தைச் சொல்கிறது, குரலை இழந்த ஒரு பெண்ணின் உலகத்தில் நிறங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். 'ஜர்னி', 'லிம்போ', 'இன்சைட்' மூன்றிலும் பேச்சு கிடையாது. 'பிரதர்ஸ்' கேமில் எல்லோரும் இல்லாத ஒரு மொழியில் பேசுகிறார்கள், உலகத்தில் யாருக்கும் அது புரியாது, சைகையும் குரலும்தான் கதை.

'அன்பேக்கிங்' (2021) கேமை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். 1997-ல் ஒரு குழந்தையின் அறையில் ஆரம்பித்து 2018 வரை ஒரு பெண் வீடு மாறும் ஒவ்வொரு முறையும் அவளுடைய பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதுதான் வேலை. அவளை நாம் பார்ப்பதில்லை. நடுவில் ஒரு வீட்டில் காதலனோடு குடிபோகிறாள், அவனுடைய சாமான்கள் எல்லா அலமாரியிலும் நிறைந்திருக்கின்றன, அவள் வாங்கிய பட்டச் சான்றிதழைச் சுவரில் மாட்ட இடமே இல்லை. எங்கெங்கோ வைத்துப் பார்த்து, கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளினால்தான் கேம் ஏற்றுக்கொள்கிறது. அந்த உறவு எப்படிப்பட்டது என்று அதற்கு மேல் ஒரு வரி தேவைப்படவில்லை.

எனக்குக் கேம் சரியாக ஆட வராது, கஷ்டமாக இருந்தால்?

நடந்து பார்க்கும் வகைக் கேம்களில் தோற்பதே இல்லை. கஷ்டமான கேமிலும் வழி இருக்கிறது. பதற்றத்தோடு வாழும் மேடலின் என்ற பெண் மலை ஏறும் 'செலஸ்ட்' (2018) குதிப்பதிலும் தாவுவதிலும் கடினமானதுதான், ஆனால் அசிஸ்ட் மோட் வைத்திருக்கிறார்கள், கேமின் வேகத்தைக் குறைக்கலாம், கை சோராமல் ஏறலாம், சாகாமலே கூடப் போகலாம். அதைப் போட்டுக்கொண்டதற்காகக் கேம் உங்களைக் குத்திக் காட்டாது. தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

மனசு சரியில்லாத நேரத்தில் இந்த மாதிரிக் கேம் விளையாடலாமா?

கேமைப் பொறுத்தது. 'ஒமோரி' (2020), 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்' (2017) இரண்டும் அழகான படங்களுக்குப் பின்னால் தற்கொலையையும் மனச்சோர்வையும் நேராகக் காட்டுகின்றன, ஆரம்பத்திலேயே எச்சரிக்கையும் இருக்கிறது. அந்த எச்சரிக்கையை அவசரமாகத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். சமீபத்தில் யாரையாவது இழந்திருந்தால் 'தட் டிராகன், கேன்சர்' இப்போது வேண்டாம், கேம் எங்கேயும் போகாது, ஒரு வருடம் கழித்துக் கூட விளையாடலாம். பாதியில் நிறுத்துவதில் தப்பே இல்லை.

ஒரு முறைதான் விளையாட முடியும் என்றால் காசு வீண்தானே?

'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019) கேமில் 22 நிமிடத்துக்கு ஒருமுறை காலம் திரும்ப ஆரம்பத்துக்கே போய்விடும். புது ஆயுதம் கிடையாது, சக்தி கிடையாது, உங்களுக்குத் தெரிந்த விஷயம் மட்டும்தான் கூடிக்கொண்டே போகும். எல்லாம் தெரிந்துவிட்டால் கேம் முடிந்தது, மறுபடி தெரியாதவராக ஆக முடியாது. இதை விளையாடியவர்கள் இன்னொருவர் முதல்முறை விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத் துடிப்பார்கள், நானும் அப்படித்தான். எனக்கு அது வீணான காசு இல்லை. திரும்பத் திரும்ப ஆட வேண்டும் என்றால் 'அண்டர்டேல்' (2015) இருக்கிறது, 10 டாலர், ஒருவரையும் கொல்லாமல் முடிக்கலாம், நீங்கள் போன முறை செய்ததை அது மறக்காது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

அரை மணி நேரம் இருந்தால் 'ஃப்ளோரன்ஸ்', போனிலேயே ஓடும், விளம்பரம் கிடையாது, உள்ளே எதையும் விற்கவும் மாட்டார்கள். ஒரு மாலை முழுக்க இருந்தால் 'ஈடித் ஃபின்ச்'. வார இறுதி என்றால் 'டு தி மூன்' (2011). சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு கிழவருக்கு நிலாவுக்குப் போக வேண்டும் என்று ஆசை, ஏன் என்று அவருக்கே தெரியவில்லை, இரண்டு டாக்டர்கள் அவர் நினைவுகளுக்குள் பின்னோக்கிப் போய்க் காரணத்தைத் தேடுகிறார்கள். கான் காவ் என்பவர் இதை ஆர்பிஜி மேக்கர் என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்தார், பார்ப்பதற்குப் பழைய காலத்துக் கட்டம் கட்டமான படம்தான். படத்தை வைத்து எடை போட்டு இதைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர், நீங்கள் விட வேண்டாம். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், இசையும் அவருடையதுதான், பாதிக் கதையை அது சொல்கிறது.

ஒரு கேம் ரொம்பப் பிடித்துவிட்டது, டெவலப்பருக்கு வேறு என்ன செய்யலாம்?

ரிவ்யூ எழுதுங்கள், இரண்டு வரியானாலும் போதும். ஸ்டீமில் பத்து ரிவ்யூ சேர்ந்த பிறகுதான் கேமின் பக்கத்தில் மதிப்பீடு தெரிய ஆரம்பிக்கும், அதுவரை அந்த இடம் வெறுமையாகத் தெரியும், புதிதாக வருகிறவர்கள் நம்பி வாங்க மாட்டார்கள். வேறு இடத்தில் கீ, அதாவது ஸ்டீமில் கேமைத் திறக்கும் குறியீடு, வாங்கிப் போட்டிருந்தால் உங்கள் ரிவ்யூ காட்டப்படும், ஆனால் மதிப்பீட்டுக் கணக்கில் சேராது, அதனால் ரிவ்யூ எழுதும் எண்ணம் இருந்தால் ஸ்டீமிலேயே வாங்குவது அவர்களுக்கு உதவும். எழுதும்போது எத்தனை மணி நேரம் என்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில் உங்கள் கை தயங்கியது என்று எழுதுங்கள், கதையின் முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.